ஊரக இங்கிலாந்துப் பாதுகாப்பு இயக்கம்

ஊரக இங்கிலாந்துப் பாதுகாப்பு இயக்கம் என்பது இங்கிலாந்தின் நாட்டுப்புற நிலங்களையும் சிற்றூர் வாழ்க்கையையும் பாதுகாப்பதற்காகச் செயற்பட்டு வரும் ஒரு தொண்டு நிறுவனம் ஆகும். சிபிஆர்ஈ என்னும் சுருக்கப் பெயரால் இது பரவலாக அறியப்படுகிறது. 1926 ஆம் ஆண்டில் நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் ஏபர்குரோம்பியின் முயற்சியால் தோற்றுவிக்கப்பட்டது. அப்போது ஏற்கனவே இயங்கிவந்த பல அமைப்புகளின் கூட்டவையாக இது இருந்தது. 2003 ஆம் ஆண்டு முதல் "இயக்கம்" என்ற சொல் இதன் பெயரில் இடம்பெற்றது.

தோற்றத்தின் பின்னணி

முதலாம் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகள் கட்டப்பட்டன. தானுந்துகளும் பேருந்துகளும் பெருகியதால், நகரத்திற்கு வெளியே குடியிருந்து கொண்டு நகரத்தில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் வீடு கட்டினால் புதிய சாலை அமைக்கும் செலவு இல்லை. குழாய்களும் சாலையோரமாகவே சென்றன. எனவே சாலைகளை ஒட்டி, ஒரு வீட்டு ஆழத்திற்கு, நீண்ட வரிசைகளாக வீடுகள் எழுந்தன. இது நாடா வளர்ச்சி எனப்பட்டது. இதனால் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டின. வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த வயல்களுக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. விரைவுச் சாலைகள் குடியிருப்புத் தெருக்களாக மாறி விபத்துகள் மிகுந்தன.

இதனைத் தடுக்க 1935 ஆம் ஆண்டில் நாடா வளர்ச்சிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தனித்தனிச் சாலைகளைக் காப்பது போதாது, நிலப் பயன்பாடு முழுவதையும் திட்டமிட வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடாக இருந்தது.

செபீல்டு கிளை

எதெல் ஹெய்த்தான்துவெயிட் (1894–1986) இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். முதலாம் உலகப் போரில் கணவரை இழந்த இவர், செபீல்டு நகரை அடுத்த மேட்டுநிலங்களில் நடப்பதில் ஆறுதல் கண்டார். அந்நிலங்களைக் காக்க 1924 ஆம் ஆண்டில் உள்ளூர்ச் சங்கம் ஒன்றை நிறுவினார். இச்சங்கம் பின்னர் இவ்வமைப்பின் கிளையாயிற்று. விற்பனைக்கு வந்த லாங்சா பண்ணை நிலத்தைப் பொதுமக்களிடம் நிதி திரட்டி வாங்கி, தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது இக்குழுவின் புகழ்பெற்ற பணியாகும். இவர்களது முயற்சியின் பயனாகச் செபீல்டைச் சுற்றி 1938 ஆம் ஆண்டிலேயே தற்காலிகப் பசுமை வளையம் ஒன்று ஏற்கப்பட்டது.

சட்டங்களில் தாக்கம்

1947 ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் ஒரு பெரும் திருப்புமுனை ஆகும். இதன்படி நிலம் உரிமையாளருக்கே உரியது. ஆனால் அதில் கட்டடம் எழுப்பவோ பயன்பாட்டை மாற்றவோ உள்ளூராட்சியின் திட்டமிடல் அனுமதி வேண்டும். 1949 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டத்தைத் தொடர்ந்து, 1951 ஆம் ஆண்டில் பீக் மாவட்டம் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1955 ஆம் ஆண்டில் அரசு வெளியிட்ட சுற்றறிக்கை, பிற நகரங்களைச் சுற்றியும் பசுமை வளையங்கள் அமைக்க வழி செய்தது. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இவ்வளையங்களுக்குள் அடங்குகிறது.

பசுமை வளையம் என்பது இயற்கைக் காப்பகம் அன்று. அதில் விளைநிலம், காடு, குதிரைக் கொட்டில், பயனற்ற தரிசு எதுவும் இருக்கலாம். நகரம் பரவுவதையும் அண்டை ஊர்கள் இணைவதையும் தடுப்பதே அதன் முதன்மை நோக்கமாகும்.

இன்றைய பணிகள்

மாவட்டக் கிளைகளில் உள்ள தன்னார்வலர்கள் திட்டமிடல் விண்ணப்பங்களைப் படித்து உள்ளூராட்சிகளுக்குக் கருத்துரை வழங்குகின்றனர். வேலிப் புதர்களை மீட்டல், குப்பை ஒழிப்பு, சிற்றூர்ப் பேருந்துச் சேவைகள் ஆகியவற்றிற்காகவும் இவ்வமைப்பு குரல் கொடுக்கிறது. ஒளி மாசை அளவிட விண்மீன் எண்ணிக்கை நிகழ்வையும் நடத்துகிறது. ஓரியன் விண்மீன் குழாத்தின் நான்கு மூலை விண்மீன்களுக்கு இடையே வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றைப் பங்கேற்போர் எண்ணுகின்றனர். பத்துக்கும் குறைவாகத் தெரிந்தால் அவ்விடத்தில் ஒளி மாசு கடுமையானது எனக் கொள்ளப்படுகிறது.

விமர்சனங்கள்

நிலம் கிடைப்பதைக் கட்டுப்படுத்துவதால் வீட்டு விலை உயர்கிறது என்றும், அதனால் பயன் பெறுவோர் ஏற்கனவே வீடு உடையவர்களே என்றும் பொருளியலாளர் பலர் கூறுகின்றனர். வேலியைத் தாண்டிப் பசுமை வளையத்துக்கு அப்பால் வளர்ச்சி குதிப்பதால், வேலைக்குச் செல்லும் பயணத் தொலைவு கூடுவதையும் சுட்டுகின்றனர். நகரங்களில் கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்களை முதலில் பயன்படுத்த வேண்டும் என்பது இவ்வமைப்பின் மறுமொழியாகும். 2024 ஆம் ஆண்டு திசம்பரில் அரசு, பசுமை வளையத்தின் சில பகுதிகளைச் "சாம்பல் வளையம்" என வகைப்படுத்தி, அங்கு வீடு கட்டுவதற்கான விதிகளைத் தளர்த்தியது.

சிக்கல் சிற்றூர்களுக்குள்ளும் உண்டு. எழில் காக்கப்பட்ட ஊரில் வீட்டு விலை ஏறும்போது, அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர் வெளியேற நேரிடுகிறது. அவர்களோடு பள்ளியும் கடையும் நலிகின்றன. இதனால், வழமையாக அனுமதி கிடைக்காத ஊரோர மனைகளில் உள்ளூர் மக்களுக்கென மட்டும் குறைந்த விலை வீடுகள் கட்டும் முறையை இவ்வமைப்பு ஆதரிக்கிறது. நிலத்தைக் காப்பதும் அந்நிலத்தில் வாழ்வோரைக் காப்பதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை என்பதை இவ்வியக்கத்தின் வரலாறு காட்டுகிறது.