ஆடிக் காற்றுக்கு மேலே ஒரு கொண்டல்

ஜூலை மாதத்தில் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலை அளக்கப் பறக்கவிடப்படும் பலூன், தரையை ஒட்டி வீசும் மேல்காற்றில் அகப்பட்டு முதலில் வங்கக் கடலை நோக்கியே செல்லும். ஆனால் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிய பின்னர், கயிறு கட்டி இழுத்தாற்போலத் திசை மாறி, உள்நாட்டின் பக்கம் விரையத் தொடங்கும். 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்துடன் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் இந்தப் பிரவாகமே வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று. அதன் வேகம் மிக்க நடுப்பகுதி பெரும்பாலும் சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அமைகிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஜெட் காற்று என்றவுடன் உலகம் நினைப்பது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதைத்தான். 1920-களில் ஜப்பானின் டடெனோ ஆய்வுக்கூடத்தில் ஓயிஷி வசாபுரோ பலூன்களைப் பின்தொடர்ந்து கண்டதும் அதுவே. அதற்கு நேர் விரோதமான இந்த வெப்பமண்டலக் காற்றை 1958-ல் விரிவாக எடுத்துக் காட்டியவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம்.

திசை ஏன் தலைகீழாயிற்று? பூமத்தியரேகையை அணுக அணுக வாயுமண்டலம் உஷ்ணமாவதே பொது விதி. கோடையிலோ, சராசரி 4,500 மீட்டர் உயரமுள்ள திபேத் பீடபூமி வெயிலில் காய்ந்து தன் மேலுள்ள காற்றைச் சூடேற்ற, வங்கக் கடற்பிரதேசத்தில் மழையாகும் நீராவி வெளிவிடும் வெப்பமும் அதனுடன் சேர, வடக்கே மேல்வானம் தெற்கிலுள்ள சமுத்திரத்து மேல்வானத்தைவிட உஷ்ணமடைந்து விடுகிறது. சூடான காற்று விரிந்து உயர்வதால் அந்த உயரத்தில் திபேத்தின் மீது அழுத்தம் மிகுகிறது. அங்கிருந்து தெற்கே வழியும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்புறம் திருப்ப, அது மேற்கு நோக்கிய ஓட்டமாகிறது. குளிர்காலம் முழுவதும் இமயத்தின் தெற்கே குடியிருந்த மேற்கத்திய ஜெட் காற்று ஜூன் மாதத்தில் திபேத்துக்கு வடக்கே விலகுவதும் இதே மாற்றத்தின் மறுபக்கமே.

பருவமழை என்றால் அரபிக்கடல் காற்றை மட்டுமே நாம் பேசுகிறோம். அது பாதிக் கதைதான். கீழே வந்து சேர்ந்த காற்று மேகமாக எழுந்தபின், மேலே அதை அகற்றிக்கொண்டு போக வழியிருந்தால்தான் மேலும் காற்று வந்து புக இயலும். ஆப்பிரிக்கா வரை நீளும் இந்த ஓட்டம் அந்த வழிகளுள் ஒன்று. பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ தலையெடுக்கும் ஆண்டுகளில் இது தளர்ந்து போகிறது. நம் பருவமழை பலமுறை பொய்த்ததும் அத்தகைய ஆண்டுகளிலேதான்.