வாசலில் சார்ஜ் ஏறும் வண்டி: தூங்கும் முன் நாம் கவனிக்க வேண்டியவை

2022 மார்ச் கடைசி வாரம். ரமளான் பிறை பார்க்க இன்னும் சில நாட்களே இருந்தன. அப்போது நம் பக்கத்து வேலூரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. சின்ன அல்லாபுரத்தில் புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தவர்கள் தூங்கப் போனார்கள். வண்டி தீப்பிடித்தது. ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சடைத்து இறந்து போனார்கள்.

இன்று ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் தெருவுக்குத் தெரு மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் தாய்மார்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓட்டுகிறார்கள். ஆம்பியர் ஸ்கூட்டர் தயாரிக்கும் தொழிற்சாலையே 2021 நவம்பரில் நம் ராணிப்பேட்டையில் திறக்கப்பட்டது. பெட்ரோல் செலவு மிச்சம், புகை இல்லை. எனவே இந்த வண்டியே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. பெட்ரோல் வண்டியும் தீப்பிடிக்கும். ஆனால் பெட்ரோல் வண்டிக்கு நாம் வீட்டுக்குள் வைத்துப் பெட்ரோல் ஊற்றுவதில்லை. மின்சார வண்டிக்கோ தினமும் வீட்டில்தான், அதுவும் பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில்தான், சார்ஜ் ஏற்றுகிறோம். கவனம் தேவைப்படுவது அங்கேதான்.

பேட்டரி ஏன் தீப்பிடிக்கிறது?

ஸ்கூட்டர் பேட்டரி என்பது ஒரே பொருள் அல்ல. பல சிறிய லித்தியம் அயான் செல்களை ஒன்றாகக் கட்டிய பெட்டி அது. ஒரு செல்லுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆனால் அது சூடாகும். அந்தச் சூடு உள்ளே இருக்கும் வேதிப்பொருளைச் சிதைத்து மேலும் சூட்டைக் கிளப்பும். பிறகு பக்கத்துச் செல்லுக்கும் தாவும். குடிசைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தீ தாவுவது போலத்தான்.

செல்லில் உற்பத்திக் குறை, பொருந்தாத சார்ஜர், தளர்ந்த இணைப்பு, உள்ளே புகுந்த தண்ணீர், கீழே விழுந்ததில் பட்ட அடி, கடும் வெயில் என்று காரணங்கள் பல. பேட்டரியின் சூட்டையும் மின்னோட்டத்தையும் கண்காணித்து, தேவைப்பட்டால் நிறுத்துவதற்கென்று பி.எம்.எஸ். என்ற மின்னணு அமைப்பு பெட்டிக்குள் இருக்கிறது. அது தரமற்றதாக இருந்தால் காவலாளி தூங்கிய கதைதான்.

இதில் தீயை விட முதலில் ஆளைக் கொல்வது புகை. பேட்டரி சிதையும்போது வெளிவரும் வாயுக்கள் நச்சுத்தன்மை உள்ளவை, தீப்பற்றக் கூடியவையும் கூட. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. புகை மேலே இருந்த விடுதி வரை ஏறி 8 பேர் உயிரிழந்தார்கள்.

அதன்பின் என்ன மாறியது?

அந்த ஆண்டு வரிசையாக நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு சில நிறுவனங்கள் வண்டிகளைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தன. ஏப்ரலில் ஒகினவா 3,215 வண்டிகளையும் ஓலா 1,441 வண்டிகளையும் திரும்ப அழைத்தன. மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு செல்லில் பிடித்த தீ மற்ற செல்களுக்குப் பரவுகிறதா என்ற சோதனையும் அதில் உண்டு.

ஆகவே புது வண்டி வாங்கும்போது, திருத்தப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 விதிப்படி தேறியதா என்று கேட்டு வாங்குவோம். அதற்கு முன் தயாரான பழைய வண்டியை விலை குறைவு என்பதற்காக வாங்கும்போது இரு மடங்கு கவனம் வேண்டும். வெளியில் மலிவாகக் கட்டித் தரும் பேட்டரியைப் போடுவது கூடவே கூடாது.

இரவு முழுக்க சார்ஜ் தேவையா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சார்ஜில் 90 கிலோமீட்டர் ஓடும் வண்டி. முழு சார்ஜ் ஏற 5 மணி நேரம். நாம் ஒரு நாளைக்கு ஓட்டுவது 30 கிலோமீட்டர் என்றால் செலவானது மூன்றில் ஒரு பங்குதான். அதை நிரப்ப 2 மணி நேரம் போதும். மாலையில் வேலை விட்டு வந்து, வண்டியின் சூடு ஆற முக்கால் மணி நேரம் விட்டு, மஃரிபுக்குப் பின் சார்ஜில் போட்டால் இஷா தொழுது சாப்பிட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்த செய்தி வந்தபோது, தூங்கப் போகும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். அன்று அது விளக்கு. இன்று நம் வீட்டு வாசலில் அது சார்ஜரும்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• நம் ஊர்ச் சந்துகளில் பல வீடுகளுக்கு வாசல் ஒன்றுதான். அந்த வாசலிலோ, நடையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ சார்ஜ் போடாதீர்கள். அங்கே தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். காற்றோட்டமான, நிழலான, வெளிப்புற இடமே நல்லது.

• பக்கத்தில் பெட்ரோல் வண்டி, கேஸ் சிலிண்டர், பழைய துணி, அட்டைப்பெட்டி வேண்டாம்.

• வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் உள்ள தனி பிளக்கை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வீட்டு வயரிங் இந்தச் சுமையைத் தாங்குமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

• கழற்றும் வகை பேட்டரியைப் படுக்கை அறையில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

• சாலையில் வண்டி விழுந்தாலோ, மழைவெள்ளத்தில் நின்றாலோ, வெளியில் கீறல்தானே என்று விடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் பேட்டரியைக் காட்டிய பிறகே சார்ஜ் போடுங்கள்.

• பேட்டரி உப்பியிருந்தால், விசித்திரமான வாடை வந்தால், சீறும் சத்தம் கேட்டால், உடனே விலகுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்

வண்டியை வெளியே தள்ளிவிடலாம் என்று நெருங்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். மின்சார வண்டி என்பதையும் சொல்லுங்கள். வாசல் பக்கம் போக முடியாவிட்டால் இடையில் உள்ள கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசலுக்கோ, புகை ஏறாத வழி இருந்தால் மொட்டை மாடிக்கோ போங்கள். காற்று வராத குளியலறை பாதுகாப்பான இடம் அல்ல. தீ அணைந்த பேட்டரி மீண்டும் பற்றக்கூடும் என்பதால் தீயணைப்புத் துறையினர் சொல்லும் வரை யாரும் அருகில் போக வேண்டாம்.

இதைப் படித்து முடித்ததும் இன்றிரவே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை முடிவு செய்யுங்கள்: வண்டி எங்கே நிற்கும், தூங்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது யார் பொறுப்பு. அல்லாஹ் நம் வீடுகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.