எலும்பில் நீர்க்கட்டி: பயமும் வேண்டாம், பராமுகமும் வேண்டாம்

பந்து எறிந்தபோது கை முறிந்தது என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நாம் நம்புவதில்லை. எங்கோ மரத்தில் ஏறி விழுந்துவிட்டு மறைக்கிறான் என்றே ஏசுகிறோம். ஆனால் பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கலாம். எலும்புக்குள் நீர்க்கட்டி இருந்தால் அவ்விடம் முட்டைக்கோதுபோல மெலிந்துவிடும். முறிவதற்குச் சிறு அதிர்வே போதும்.

இக்கட்டி பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையில், ஆண் பிள்ளைகளிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. தோளை அடுத்த மேற்கை எலும்பும், இடுப்போடு சேரும் தொடை எலும்பும் இது வழக்கமாகத் தோன்றும் இடங்கள். முறியும்வரை பலருக்கு நோவே இராது. 'கட்டி' என்றதும் பெற்றோர் கலங்குவது இயல்பு. இது புற்றுநோயன்று, வேறெங்கும் பரவாது.

எண்ணெய் போட்டு உருவுமுன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பரம்பரை முறிவு வைத்தியரை நாம் குறை கூறவில்லை. எலும்பின் உள்ளே இருப்பதை எந்த விரலாலும் அறிய முடியாது.

மேற்கை முறிவு தூக்குக்கட்டோடு சில வாரங்களில் பொருந்திவிடும். அத்துடன் கட்டியும் தானே நிரம்பிவிடுவது சிலருக்கு மட்டுமே. இங்கேதான் நாம் தவறு விடுகிறோம். கட்டு அவிழ்த்ததும் கிளினிக் போவதை நிறுத்திவிடுகிறோம்; உள்ளே கட்டி அப்படியே இருக்க, மீண்டும் முறிகிறது.

1970களில் இத்தாலிய வைத்தியர் ஸ்காலியெத்தி கட்டிக்குள் ஸ்டீரொய்ட் மருந்தை ஊசியால் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அது பயனில் உள்ளது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் இம்மருந்து பெற்றவர்களில் 42 வீதமானோருக்கும், எலும்பு மச்சை செலுத்தப்பட்டவர்களில் 23 வீதமானோருக்கும் கட்டி ஆறியது. ஆகவே இரண்டாம், மூன்றாம் முறை ஊசி தேவைப்பட்டால் வைத்தியர் பிழை விட்டார் என்று எண்ணக்கூடாது. கட்டியைச் சுரண்டி எலும்புத் துகள் நிரப்பும் சத்திரசிகிச்சையும் உண்டு. ஆனால் எலும்பு வளரும் பகுதிக்கு அருகில் கட்டி இருந்தால், அப்பகுதி பழுதுபட்டுக் கை குட்டையாகலாம் என்பதால் சிலவேளை காத்திருப்பார்கள்.

தொடை எலும்பில் அவ்வளவு காத்திருக்க இயலாது. உடலின் பாரம் முழுவதும் அதன்மேல்தான். அங்கே முறிந்தால் இடுப்பு கோணலாகலாம், கால் கட்டையாகலாம். எனவே முறியுமுன்னரே கட்டியை நிரப்பி, உலோகத் தகடோ கம்பியோ பொருத்துவதுண்டு. முழங்கால் நோகிறது என்று நொண்டும் பிள்ளைக்குக் கோளாறு இடுப்பில் இருப்பதுமுண்டு.

இரத்தம் நிரம்பிய வேறொரு கட்டியும் உண்டு. அதுவும் புற்றுநோயன்று, எனினும் விரைவாக வளர்ந்து வீங்கி நோகும். எக்ஸ்ரேயில் புற்றுநோய்போலத் தோன்றலாம் என்பதால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி பட்டால் பரவும் என்று அதனை மறுப்பது பிள்ளைக்குத்தான் தீங்கு.

வளர்ச்சி முடியும் வயதில் நீர்க்கட்டி பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை வைத்தியர் அனுமதிக்காமல் மரமேறலும் தாச்சி விளையாட்டும் வேண்டாம், பாடசாலைக்குப் போகலாம். எக்ஸ்ரே படங்களைக் கூரையில் செருகிவிடாமல் கிளினிக் கொப்பியோடு பத்திரப்படுத்துங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டே கட்டி சுருங்கியதா என்று வைத்தியர் பார்ப்பார்.