வளவுக்குப் புல்வெட்டும் இயந்திரம்: வாங்க முன் சிந்திப்போம்

பல ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்த காணிக்குத் திரும்புபவரின் கண்ணில் முதலில் படுவது வீடல்ல, பற்றைக்காடுதான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் கட்டம் கட்டமாகத் திரும்பிய குடும்பங்களுக்கும், 2009இல் போர் முடிந்தபின் வன்னிக்கு மீண்ட குடும்பங்களுக்கும் இது நன்கு தெரியும். இத்தகையோர் பலர், "கையால் தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டும் மெசின் ஒன்று வாங்கினால் என்ன?" என்று எம்மைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் கிடைத்த உதவிப் பணத்தையோ, கடனையோ இதில் போடுமுன் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இந்த இயந்திரம் துப்புரவாக்கிய வளவைப் பேணுவதற்கானது. காடாகிய வளவைத் திறப்பதற்கானது அல்ல.

இதை நாம் பட்டுத்தான் அறிந்தோம். எமது நிலையத்துக்கு அன்பளிப்பாகக் கிடைத்த இயந்திரத்தை இடுப்பளவு வளர்ந்த புல்லுக்குள் ஓட்டினோம். உள்ளே கிடந்த முள்ளுக்கம்பி அலகில் சுற்றியது. அடுத்து ஒரு வடலிக் கட்டை. எஞ்சினின் தண்டு வளைந்துவிட்டது. திருத்தக் கேட்ட கூலி, இரண்டு ஆட்களுக்கு ஒரு கிழமை வேலை கொடுக்கப் போதுமானது.

முதலில் நிலம்

காணி விடுவிக்கப்பட்டது என்பதும், மிதிவெடி அகற்றப்பட்டது என்பதும் ஒன்றல்ல. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிசெய்யுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவேண்டாம். வந்த வழியே திரும்பி, உடனே அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைப்பதும் ஆபத்து. புதைந்து கிடப்பவை வெடிக்கலாம்.

உறுதி கிடைத்தபின் பற்றையைக் கத்தியாலும் மண்வெட்டியாலும் அகற்றுங்கள். கல், கம்பி, போத்தல் ஓடு, பனங்கொட்டை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பார்த்தீனியத்தைப் பூக்க முன்னர், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். மேலால் வெட்டினால் அது மீண்டும் தளிர்த்துத் தாழ்வாகவே பூக்கும்.

எது பொருத்தம்?

1. உருளை அலகு கொண்ட கைத்தள்ளு இயந்திரம். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கிய முறை இதுவே. சுழலும் அலகுகள் கீழேயுள்ள நிலையான அலகோடு உரசிக் கத்தரிக்கோல் போல் வெட்டும். பெற்றோல் வேண்டாம், பழுதும் குறைவு. ஆனால் சமதரையும் குட்டைப் புல்லும் வேண்டும்.

2. பெற்றோலில் ஓடும் தள்ளு இயந்திரம். தகட்டு மூடியின் கீழ் ஒரே அலகு கிடையாகச் சுழலும். ஓரளவு உயர்ந்த புல்லையும் வெட்டும். 18 அங்குல அலகு சிறு வளவுக்குப் போதும். ஒரு பரப்பு வளவை வெட்ட ஏறத்தாழ இருபது நிமிடம் பிடிக்கும்.

3. தோளில் மாட்டும் புல்வெட்டி. கல்லும் மேடுபள்ளமும் உள்ள வளவுக்கு இதுவே உகந்தது. நமது வளவுகளிற் பெரும்பாலானவை இவ்வகையே. கண்ணாடியும் நீண்ட காற்சட்டையும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

கடையில் நிற்கும்போது மூன்றைக் கேளுங்கள். உதிரிப்பாகம் அருகிலுள்ள பட்டினத்திற் கிடைக்குமா? அலகின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாமா? கைபிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விட்டவுடன் அலகு நிற்குமா? அமெரிக்காவில் 1982 முதல், கையை விட்டு மூன்று விநாடிக்குள் அலகு நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஏற்பாடு இல்லாத பழைய இயந்திரம் மலிவென்றாலும் வாங்கவேண்டாம்.

பாவிக்கும் முறை

நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும் 18 அங்குல அலகின் நுனி, மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்கிறது. அதிற் படும் சிறு சுண்ணாம்புக் கல்லும் துப்பாக்கிச் சன்னம் போலப் பாயும். ஆகையால் பிள்ளைகளை வளவுக்கு வெளியே நிறுத்துங்கள். செருப்போடு வெட்டாதீர்கள், மூடிய சப்பாத்து அவசியம். ஈரப்புல்லில் வெட்டவேண்டாம், கால் வழுக்கும், புல்லும் அடைக்கும். சரிவான நிலத்தில் மேலும் கீழுமாக அல்ல, குறுக்காகவே தள்ளுங்கள். இயந்திரத்தை உங்கள் காலை நோக்கிப் பின்னுக்கு இழுக்காதீர்கள்.

அடைத்த புல்லை எடுக்குமுன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். விரல்களை இழப்பவர்களிற் பலர் இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டவர்களே. சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றாதீர்கள்.

ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். கோடையில் மூன்று அங்குலம் விட்டு வெட்டினால் நிலத்தின் ஈரம் காயாது. வெட்டிய புல்லை வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்காக இடலாம். ஆட்டுக்குக் கொடுப்பதானால் அன்றே கொடுங்கள். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். பெற்றோல் சிந்திய புல்லையும் பார்த்தீனியம் கலந்த புல்லையும் கொடுக்கவேண்டாம்.

ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஒயில் பாருங்கள். தோளில் மாட்டும் புல்வெட்டிகளிற் சில பெற்றோலுடன் ஒயில் கலந்தே ஓடுபவை; எந்த அளவிற் கலப்பது என்பதைக் கையேட்டிற் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் அலகைத் தீட்டி, நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை மேலும் தீட்ட வேண்டும். பல வாரங்களுக்கு நிறுத்தி வைப்பதானால் பெற்றோலை வடித்துவிடுங்கள்.

ஊருக்கு ஒன்று

நான்கு பரப்பு வளவுக்கு இரு கிழமைக்கு ஒருமுறை ஒன்றரை மணித்தியால வேலை போதும். மீதி நாளெல்லாம் இயந்திரம் கொட்டிலிற் துருப்பிடிக்கும்; வட்டியோ நிற்காது. எனவே பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்குவதே நன்று. பழக்கப்பட்ட ஒருவரே ஓட்டட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சிறு தொகை சேர்த்து, கொப்பியில் எழுதி, அலகுக்கும் ஒயிலுக்கும் ஒதுக்குங்கள். பாடசாலை மைதானத்தையும் சவக்காலையையும் கூலிக்கு வெட்டினால் செலவு திரும்பும்.

இன்னமும் முகாமிலோ உறவினர் வளவிலோ இருக்கும் குடும்பங்களுக்கு எமது ஆலோசனை ஒன்றே: இப்போது வாங்கவேண்டாம். அந்தப் பணம் கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் தேவைப்படும். காணி கைக்கு வந்து, கல் பொறுக்கி, எல்லை கண்டு, முதல் மாரிப் புல் முளைத்த பின் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.