கேள்வி கேட்கும் டாக்டர் வேண்டும்!

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தங்களுக்குள் ஒரு படிப்பு வட்டம் நடத்தினால் என்ன, நடத்தாவிட்டால் என்ன? ஆலைத் தொழிலாளிக்கும் பஸ் தொழிலாளிக்கும் அதிலே என்ன கவலை? இப்படிச் சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நெஞ்சு வலிக்கிறது என்று அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலிலே போய்ப் படுப்பவர் யார்? நாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை ஏன், எதற்கு என்று கேட்காமல் விழுங்குகிறவர் யார்? அதுவும் நாம்தான். "இந்த மருந்து உயிரைக் காக்கும் என்பதற்கு என்ன சான்று?" என்ற கேள்வியை நம்மால் கேட்க முடிவதில்லை. நமக்காக அந்த டாக்டர்தான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பட்டம் வாங்கிய மறுநாள் தானாக வந்துவிடுமா? வராது. படிக்கிற காலத்திலேயே பழக வேண்டும். பழகுவதற்கான பட்டறைதான் 'ஜர்னல் கிளப்' என்பது.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தேநீர்க் கடை பெஞ்சிலே ஒருவர் பத்திரிகையைப் படிக்க, பத்துப் பேர் கேட்டு, கேள்வி போட்டு, வாதாடும் காட்சி நமக்குப் புதிதா என்ன? ஜர்னல் கிளப்பும் அப்படித்தான். மருத்துவ ஏட்டில் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எல்லோரும் படித்து வருவார்கள். ஒருவர் எடுத்துச் சொல்வார். மற்றவர்கள் அதை உரைத்துப் பார்ப்பார்கள்: பொன்னா, பித்தளையா?

இதன் வரலாறும் மாணவர்களிடமிருந்தே தொடங்குகிறது. 1830-களில் லண்டன் செயின்ட் பார்தலோமியு ஆஸ்பத்திரியில் படித்தவர் ஜேம்ஸ் பேஜெட். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற அறுவை மருத்துவர். ஆஸ்பத்திரி வாசலுக்கு அருகே ஒரு ரொட்டிக் கடையின் மேல்மாடி அறையில் மாணவர்கள் கூடி ஏடுகளைப் படித்ததை அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மாலையில் சிலர் சீட்டும் ஆடினார்களாம்! 1875-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக் கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் முறையான ஜர்னல் கிளப் ஒன்றை அமைத்தார். நோக்கம் என்ன? தனி ஒருவர் சந்தா கட்ட முடியாத விலையுயர்ந்த ஏடுகளைப் பலர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்து படிப்பதுதான். கையிலே காசில்லாதவர்கள் கூடிக் கண்ட வழி அது.

சரி, படித்து வாதாடுவதால் என்ன லாபம்? இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் சிலருக்கு இதயம் தாளம் தப்பித் துடிக்கும். அப்படிப்பட்டவர்களிடையே சாவு அதிகம். ஆகவே தாளத்தைச் சீராக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பினார்கள். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! பெரிய டாக்டர்கள் நம்பினார்கள், நோயாளிகளும் விழுங்கினார்கள். 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற இரு மருந்துகள். சோதனையில் 1,498 நோயாளிகள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரி 10 மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தவர் 26 பேர். மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர் 63 பேர்! துடிப்பு சீரானது, உயிர் போயிற்று. 1989-லேயே அந்த மருந்துகளை நிறுத்தினார்கள். 1991-ல் இந்தக் கணக்கு ஏட்டில் வெளிவந்தது. "பெரியவர்கள் சொல்கிறார்கள், பொருத்தமாகவும் இருக்கிறது" என்று யாரும் சோதிக்காமலே விட்டிருந்தால், இன்னும் எத்தனை குடும்பங்கள் தெருவிலே நின்றிருக்கும்?

மற்றொன்று நம் ஊர்ச் செய்தி. காசநோய் என்றால் சானடோரியத்திலே மாதக் கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவந்த காலம் அது. சேரியிலே, ஒற்றை அறையிலே வாழ்பவன் எங்கே போவான்? படுக்கையோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. யார் வீட்டிலே, யார் சானடோரியத்திலே என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையிலே பிரித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். 1959-ல் முடிவு வெளிவந்தது: குடிசையிலே இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டிலே கூட இருந்தவர்களுக்கு அதனால் ஆபத்து கூடிவிடவுமில்லை. உலகமே காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொள்ள வழிகாட்டிய ஆராய்ச்சி அது. ஏழையின் வீட்டு வாசலுக்கு மருந்து வந்ததற்கு அந்தக் கட்டுரை ஒரு பெருங்காரணம்.

ஒன்று பொய் நம்பிக்கையை உடைத்தது. மற்றொன்று புது நம்பிக்கையைத் தந்தது. இரண்டையும் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவரே நமக்கு வேண்டிய டாக்டர்.

நம் நாட்டில் மேல்பட்டம் படிக்கும் டாக்டர்களுக்கு ஜர்னல் கிளப் பயிற்சியின் ஒரு பகுதி. ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு? 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம், டாக்டர் என்பவர் வாழ்நாள் முழுதும் கற்பவராக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நல்ல வார்த்தை! வார்த்தை நடைமுறைக்கு வர வேண்டாமா? எம்.பி.பி.எஸ்ஸோடு நின்று, கிராமத்திலும் பேட்டையிலும் நமக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பழக்கமில்லாவிட்டால், மருந்துக் கம்பெனிக்காரர் மேஜையிலே வைத்துவிட்டுப் போகும் வண்ணக் காகிதமே அவர்களுக்கு வேதமாகிவிடும்.

அந்தக் காகிதத்தின் தந்திரத்துக்கு ஓர் உதாரணம். ஆயிரம் பேரில் இரண்டு பேர் இறக்கும் நோயில், ஒரு மருந்தினால் ஒருவர் மட்டுமே இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சாவைப் பாதியாகக் குறைக்கும் மருந்து!" என்று கொட்டை எழுத்திலே போடலாம்; பொய்யில்லை. ஆனால் ஆயிரம் பேர் காசு கொடுத்துச் சாப்பிட்டால் பிழைப்பவர் ஒரே ஒருவர் என்பதும் அதே கணக்குத்தானே? கூலியிலே மிச்சம் பிடித்து மருந்து வாங்குகிறவனுக்கு எந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்?

பேராசிரியரே வட்டத்தை நடத்திவிட்டுப் போகட்டுமே, மாணவர்கள் ஏன் நடத்த வேண்டும்? தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? மேனேஜர் தலைமையிலே சங்கக் கூட்டம் நடந்தால் எந்தத் தொழிலாளி வாய் திறப்பான்? பரீட்சையில் மதிப்பெண் போடுகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல எந்த மாணவனுக்குத் துணிவு வரும்? தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியே ஒதுக்கப்படுகிறது. கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு அணிகிறார்கள். அந்தப் பிள்ளை கூச்சம் விட்டுப் பேசும் முதல் மேடை தன் வயதொத்தவர் நடுவேதான் அமையும்.

அதற்காக வழிகாட்டியே வேண்டாம் என்பதல்ல. ஓர் ஆசிரியர் பின் வரிசையிலே இருக்கட்டும், வழி தவறினால் திருத்தட்டும், கடைசியில் பேசட்டும். இல்லாவிட்டால் குற்றம் காண்பதே கெட்டிக்காரத்தனம் என்று எண்ணி எல்லா ஆராய்ச்சியையும் தூக்கி எறியும் வாய்வீச்சு வளர்ந்துவிடும். சந்தேகிப்பது வேறு, சான்று கண்டபின் ஏற்க மறுப்பது வேறு.

நடத்தும் முறையும் எளிதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம். ஒரு மணி நேரம் போதும். வார்டிலே பார்த்த ஒரு நோயாளியிடமிருந்து கேள்வி பிறக்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஒரே ஒரு கட்டுரை. அதை ஒரு வாரம் முன்பே எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். தலைமை முறை மாறி வரட்டும். மூத்த மாணவர் ஒருவர் இளையவர் ஒருவருக்குத் துணை நிற்கட்டும். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்: யாரைச் சோதித்தார்கள்? எப்படிப் பிரித்தார்கள்? எதை எதோடு ஒப்பிட்டார்கள்? நடுவிலே விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? பணம் கொடுத்தது யார்? நம் வார்டு நோயாளிக்கு இது பொருந்துமா? முடிவிலே அதை எளிய தமிழில், நோயாளிக்குச் சொல்வது போல ஒருவர் சொல்லிக்காட்ட வேண்டும். சொல்ல முடியாவிட்டால் புரியவில்லை என்று பொருள்; மறுபடி படிக்கட்டும்!

ஏடுகள் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இப்போது குறைந்துவிட்டது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏறத்தாழ 13,000 ஏடுகள் அதில் அடக்கம். நம் வரிப் பணத்திலே திறந்த கதவு அது. உள்ளே நுழைய ஆள் வேண்டாமா?

கல்லூரி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஓர் அறை, ஒரு மணி நேரம், கேள்வி கேட்ட மாணவனைப் பழிவாங்க மாட்டோம் என்ற உறுதி. அவ்வளவுதான்.

தோழர்களே! உங்கள் தெருவிலே, உங்கள் உறவிலே ஒரு பிள்ளை மருத்துவம் படித்தால் பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, "தம்பி, உங்கள் கல்லூரியில் ஜர்னல் கிளப் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். "இல்லை" என்றால், "நீயே தொடங்கு" என்று சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் முன்னால் கட்டிலிலே படுக்கப் போகிறவர்கள் நாம்தான்!