நூலகப் பட்டியல் வாசகனை அறிவது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரப் பொது நூலகம், 2007-ஆம் ஆண்டில் தன் இணையப் பட்டியலைத் திருத்தியமைத்து, நூல்களுக்கு மதிப்பெண் இடவும், விமர்சனம் எழுதவும், மனம்போல் குறிச்சொல் சூட்டவும் வாசகர்களுக்கே உரிமை வழங்கியது. ஏன்? நூலகர் ‘விலங்கியல்’ என்று வகுத்த நூலைச் சாமானிய வாசகன் ‘யானை’ என்றே தேடுகிறான். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் நூல்களின் எண்களைக் கணினி முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருப்பதால், ‘யானை’, ‘குட்டி’ என்று இரு சொற்களை இட்டதும், இரு வரிசைகளுக்கும் பொதுவான எண்களை மட்டும் க்ஷணத்தில் பொறுக்கித் தருகிறது. வாசகர் சூட்டிய குறிச்சொல்லுக்கும் இவ்வாறே ஒரு வரிசை அமைந்துவிடும். இன்னாருக்கு இன்ன நூல் என்று சிபாரிசு செய்வதற்கோ, அவர் இரவல் பெற்றவற்றின் சரித்திரமும் வேண்டியிருக்கிறது. அதைச் சம்மதமின்றிச் சேமிப்பது, என் அபிப்பிராயத்தில், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குச் சமானமே. ஆதலால் பல நூலகங்கள், நூல் திரும்பியதும் அதை இரவல் பெற்றவர் யார் என்ற பதிவை அழித்துவிடுகின்றன.