திகனவில் மலிவு வீடு: முற்பணம் கட்டுமுன் முகவரியைப் பாருங்கள்

போரில் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து, இப்போது கண்டியில் வாடகைக்கு இருக்கும் நண்பர் ஒருவர் இணைய விளம்பரம் ஒன்றை எனக்கு அனுப்பினார். திகன பகுதியில் வீடு விற்பனைக்கு; தரகர் இல்லை, விலையும் மலிவு. ‘இன்றே முற்பணம் வைப்பிலிடுங்கள்’ என்றது விளம்பரம். அவர் கையிலிருந்தது நகை விற்ற காசு.

நான் முதலில் பார்த்தது முகவரியை. காணிப் பதிவகம் சான்றளித்ததாக ஓர் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அதன் நடுவில் ‘கவ்’ என்ற அரச அடையாளம் இருந்தது; முடிவிலோ ‘டொட் கொம்’. இலங்கை அரச தளங்களின் பெயர் பெரும்பாலும் ‘டொட் கவ் டொட் எல்கே’ என்று முடியும். முதலாவது தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள பகுதியைத்தான் கவனிக்க வேண்டும். பூட்டு அடையாளத்தை வைத்தும் நம்பிவிடாதீர்கள். நாம் அனுப்புவதை இடையில் எவரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதல்ல.

அடுத்தது சட்டம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும். இணையத்தில் காசு கட்டுவதால் மட்டும் வீடு சொந்தமாகாது. உறுதி இலக்கத்தையும் நில அளவைப் படத்தையும் கேளுங்கள். நீங்களே தெரிவுசெய்த நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடினால், பதிவான ஈடும் முந்தைய விற்பனையும் தெரியவரும்.

விற்பவர்களும், முக்கியமாக வெளிநாட்டிலிருப்போர், உறுதியையும் அடையாள அட்டையையும் படமெடுத்துத் தளங்களில் ஏற்றாதீர்கள். போலி அற்றோணித் தத்துவம் தயாரிக்க அவை உதவும்.

நண்பர் பஸ் ஏறித் திகனவுக்குப் போனார். படத்திலிருந்த வீடு அங்கே இருந்தது. அதில் வசித்த குடும்பத்துக்கு அதை விற்கும் எண்ணமே இல்லை. நகை விற்ற காசு இன்னும் நண்பரிடமே இருக்கிறது.